சித்தாள் கூலி

தமிழ்நாட்டில் வீடு கட்டும் வேலை நடக்கிற எந்த மனையிலும் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஒரு கண்டிப்பான வரிசைக் கிரமம் நிலவுவதை எளிதில் கண்டுகொள்வார். கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் கொத்தனார் கையில் இருக்கின்றன. சிமெண்டு மூட்டை தூக்குவதும் கலவை போடுவதும் பெரியாளின் பொறுப்பு. சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, கலவைச் சட்டியையும் செங்கல்லையும் மேல்தளத்துக்குச் சுமந்து ஏறுகிறவள் சித்தாள். கூலி கொடுக்கும்போது கொத்தனாருக்கு ஒரு தொகை, பெரியாளுக்கு அதற்குக் குறைவாக ஒரு தொகை, சித்தாளுக்கு அதற்கும் குறைவாக ஒரு தொகை என்று எண்ணி வைக்கிறார்கள். கொத்தனாருக்கு மிகுதியாகக் கிடைப்பது அவருடைய தொழில் நேர்த்திக்காக என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பெரியாளாக வந்து சேர்ந்த வாலிபன் சில வருஷங்களில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு கொத்தனாராக உயர்ந்துவிட, அவனோடு அதே நாளில் வேலைக்கு வந்த பெண், இருபது வருஷம் சுமந்து முழங்கால் தேய்ந்த பிறகும், சித்தாளாகவே இருக்கிறாள். அவள் கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் மேஸ்திரிக்கும் உண்டாவதில்லை, வீடு கட்டுகிறவருக்கும் உண்டாவதில்லை.

ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று பாரபட்சம் காட்டுகிறீர்களா என்று அந்த மேஸ்திரியைக் கேட்டால், இல்லை என்றுதான் அவர் சொல்லுவார். சொல்லும்போது அவர் பொய் சொல்லவும் மாட்டார். பெரியாள் வேலைக்குப் பெரியாள் கூலி, சித்தாள் வேலைக்குச் சித்தாள் கூலி, இதில் அநீதி எங்கே இருக்கிறது என்பது அவருடைய வாதம். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாட்டை உலகத்தில் இன்று எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை; மறுக்காமலே அதைப் பயனற்றதாக்கும் வழி, வேலையை இரண்டாகப் பிரித்து, குறைந்த கூலிக்குரிய பாதியைப் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிடுவதுதான். பெண்களின் ஊதியத்தைப் பற்றிய வழக்குகளையும் சட்டங்களையும் வேலைநிறுத்தங்களையும் எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க முயன்றவையாகவே இருப்பதைக் காண்கிறோம்.

வயற்காட்டிலும் இதே ஏற்பாடுதான். உழவு, வரப்பு வெட்டுதல், மருந்து தெளித்தல், மூட்டை தூக்குதல் ஆகியவை ஆண் வேலைகள். நடவும் களையெடுப்பும் பெண் வேலைகள். பல ஊர்களில் ஆண்கள் அதிகாலையில் தொடங்கி நடுப்பகலில் முடித்துக்கொண்டு பெறுகிற கூலி, பெண்கள் சாயங்காலம் வரை நின்று பெறுகிற கூலியைவிட அதிகம். காரணம் கேட்டால், அது கஷ்டமான வேலை, இது இலகுவான வேலை என்பார்கள். முழங்கால் அளவு சேற்றில், இடுப்பை ஒடித்துக் குனிந்தபடி, முடியிலிருந்து நாற்றைப் பிரித்து, இத்தனை ஆழம் இத்தனை இடைவெளி என்று விரல்களே கணக்குப் போட, ஒரு நாள் முழுவதும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுகிற வேலையை இலகுவானது என்று தீர்மானித்தவர் ஒரு நாளாவது நட்டுப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். இன்னும் ஒரு விநோதம் உண்டு. நடவுக்கு இயந்திரம் வந்து சேர்ந்த ஊர்களில் அதை ஓட்டும் வேலை பெரும்பாலும் ஆணுக்குப் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கைத்திறனாக இருந்த நடவு, சக்கரமும் எஞ்சினும் பூட்டிய மாத்திரத்தில் தொழில்நுட்பம் ஆகி, கூலியும் உயர்ந்து, கையும் மாறிற்று. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் துணி வெட்டும் மேஜைக்கு அருகில் நிற்பவர் பெரும்பாலும் ஆண். பிசிறு வெட்டுபவரும் மடித்து அடுக்குபவரும் பெரும்பாலும் பெண்.

இந்த அநீதியை உலக நாடுகள் அறியாமல் இருக்கவில்லை. முதல் மகாயுத்தம் முடிந்து 1919-இல் எழுதப்பட்ட வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் தொழிலாளர் பகுதியிலேயே, சம மதிப்புள்ள வேலைக்கு ஆணும் பெண்ணும் சம ஊதியம் பெற வேண்டும் என்ற கொள்கை இடம் பெற்றுவிட்டது. அந்த உடன்படிக்கையால் பிறந்த சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1951-இல் தன்னுடைய 100-ஆவது ஒப்பந்தமாக அதை நிறைவேற்றிற்று. வேலைகள் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. தோற்றத்தில் வேறுபட்ட இரண்டு வேலைகளின் மதிப்புச் சமமானால் கூலியும் சமமாக வேண்டும் என்றே கேட்டது. நம்முடைய அரசியல் சாசனம் ஓர் ஆண்டு முந்தியே, 39-ஆவது ஷரத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசாங்கம் தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆனால் அது நெறிகாட்டும் பகுதியில் உள்ளது. எவரும் அதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. 1958 செப்டம்பர் 25-இல் இந்தியா 100-ஆவது ஒப்பந்தத்தை ஏற்றுக் கையொப்பமிட்டது. அதன் பின்னரும் பதினேழு வருஷங்களுக்கு அதற்கென்று ஒரு சட்டம் பிறக்கவில்லை. அந்தக் காலத்தில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்து மாநில அரசாங்கங்கள் வெளியிட்ட அறிவிப்புகளிலேயே, ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு அதற்குக் குறைந்து இவ்வளவு என்று இரண்டு பத்திகள் அச்சாகி வந்தன என்பதை இன்று நினைத்தாலும் மனம் சஞ்சலப்படுகிறது. பாரபட்சத்தைத் தடுக்க வேண்டிய கையே அதைப் பட்டியலிட்டுக் கொடுத்தது.

1975-ஆம் ஆண்டு உலகமெங்கும் சர்வதேச மகளிர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 26-இல் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 1976 பிப்ரவரியில் அதுவே சம ஊதியச் சட்டமாகப் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. அதை எழுதியவர்களின் எச்சரிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும். முன்பு இரண்டு விகிதங்கள் நிலவியிருந்தால் அவற்றுள் உயர்ந்ததே இருபாலருக்கும் உரியது என்றும், சமப்படுத்துகிறோம் என்ற பெயரில் எவருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்றும் அதில் எழுதி வைத்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்ற காரணத்தால் ஒதுக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். 1987-இல் ஒரு திருத்தத்தால் பதவி உயர்வு, பயிற்சி, மாற்றல் ஆகியவற்றுக்கும் அந்தத் தடையை விரித்தார்கள். ஆயினும் ஒப்பிடத்தக்க வேலை எது என்பதைச் சொல்லும் இடத்தில், ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்ற அளவோடு சட்டம் நின்றுகொண்டது. ஒப்பந்தத்தில் நாம் ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற பரந்த அளவுகோல் சட்டத்தில் இடம்பெறவில்லை. பெரியாளையும் சித்தாளையும் எதிரெதிரே நிறுத்தி, இவர்கள் செய்வது ஒத்த தன்மையுள்ள வேலையா என்று இந்தச் சட்டத்தைக் கேட்டால் ஏதாவது பதில் கிடைக்கும். நடவு நடுகிறவளையும் வரப்பு வெட்டுகிறவரையும் நிறுத்திக் கேட்டால் அது பேசாது.

அவசரச் சட்டம் பிறந்து ஆறு நாட்களில், 1975 அக்டோபர் 2 அன்று, அதே அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை நாட்டில் 33 இடங்களில் தொடங்கி வைத்தது. அங்கன்வாடிகளை நமக்குத் தந்த திட்டம் அது. குழந்தைகளுக்கு உணவூட்டுதல், எடை பார்த்தல், பாட்டும் கதையும் கற்பித்தல், கர்ப்பிணிகளைக் கவனித்தல், பதிவேடுகள் எழுதுதல் என்று ஒரு கிராமத்தின் இளந்தலைமுறை முழுவதும் அந்தப் பெண்களின் பொறுப்பில் விடப்பட்டது. ஆனால் அவர்களை ஊழியர் என்று ஏற்காமல், சேவை செய்ய முன்வந்தவர்கள் என்று பாவித்து, சம்பளத்துக்குப் பதிலாக மதிப்பூதியம் என்று ஒரு தொகையை வைத்தார்கள். ஆணுக்குச் சமமான கூலியைப் பெண்ணுக்குக் கொடு என்று தனியார் முதலாளிக்குக் கட்டளையிட்ட அதே வாரத்தில், பெண்களை மட்டுமே அமர்த்தி, அவர்கள் பெறுவது கூலியே அல்ல என்று சொல்லும் ஏற்பாடு ஒன்றும் தொடங்கியது. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெண்ணின் சுபாவம், சுபாவத்துக்கு விலை வைப்பது எப்படி என்ற அபிப்பிராயம் நம் மனத்தில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. பணியாளர்களும் உதவியாளர்களுமாக இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த மையங்களில் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி அவர்களுக்குப் பணிக்கொடை உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஏப்ரல் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றங்களின் கதையைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் குடகு நாட்டைச் சேர்ந்த சி. பி. முத்தம்மா, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், 1949-இல் பணியேற்றவர். அவருடைய பதவிக்குரிய சம்பளம் அதே பதவியில் இருந்த ஆண்களின் சம்பளமே. ஆனால் பெண் அதிகாரி மணம் செய்துகொள்ளச் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு அவருடைய கடமைக்கு இடையூறாகும் என்று சர்க்கார் கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றும் விதிகள் இருந்தன. உயர்பதவி தமக்கு மறுக்கப்பட்டபோது 1979-இல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் வழக்கை முடித்து வைத்தார் என்றாலும், அந்த விதிகளில் தோய்ந்திருந்த பாரபட்சத்தைக் கடுமையாகக் கண்டித்தே முடித்தார். ஒரு படியில் நிற்பவர்களுக்குள் சம்பளம் சமமாக இருப்பது மட்டும் போதாது, அடுத்த படியில் கால்வைக்கும் உரிமையும் சமமாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1981-இல், ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர்களோடு அதே விமானத்தில் அதே பிரயாணிகளுக்குப் பணிவிடை செய்த ஆண் ஊழியர்கள் 58 வயது வரை பணியில் இருக்கலாம். பெண்களோ 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், அல்லது பணியேற்று நான்கு வருஷத்துக்குள் மணம் புரிந்தால் விலக வேண்டும், அல்லது முதல் கர்ப்பத்தோடு விலக வேண்டும். கர்ப்பத்துக்காக வேலையைப் பறிப்பது பெண்மைக்கே இழைக்கும் அவமதிப்பு என்று கூறி அந்த விதியை நீதிமன்றம் நீக்கியது. 35 வயதுக்கு மேல் நீடிப்பதை நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்டிருந்ததையும் நீக்கியது. ஆனால் சம்பளத்தையும் மற்ற நிபந்தனைகளையும் பற்றிய அடிப்படைக் கேள்வியில், ஆண்கள் ஒரு தனி வகுப்பு, பெண்கள் ஒரு தனி வகுப்பு, அவர்களை அமர்த்தும் முறையும் உயர்வும் வேறு வேறு, ஆகவே ஒப்பிட இடமில்லை என்று முடிவு செய்தது. முதலில் இரண்டு வகுப்பாகப் பிரித்தவர் யார், எதற்காகப் பிரித்தார் என்ற கேள்வி அங்கே கேட்கப்படாமல் நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி 1987 மார்ச் 26-இல் வந்த தீர்ப்பில்தான் கேட்கப்பட்டது. மக்கின்னன் மெக்கன்ஸி என்ற கப்பல் கம்பெனியின் பம்பாய் அலுவலகத்தில் ஆட்ரி டி'கோஸ்டா என்பவர் சுருக்கெழுத்தாளராக இருந்தார். பெரிய அதிகாரிகளுக்கு அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்களாகப் பெண்களையே அமர்த்துவது அங்கே வழக்கம். பொதுப் பிரிவில் ஆண் சுருக்கெழுத்தாளர்கள் இருந்தார்கள். ஆண்களின் சம்பள விகிதம் உயர்ந்தது, பெண்களின் விகிதம் தாழ்ந்தது. 1977-இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, தமக்கும் ஆண் சுருக்கெழுத்தாளருக்கும் இருந்த வித்தியாசத் தொகையைக் கேட்டு மனுச் செய்தார். கம்பெனி மூன்று சமாதானங்கள் கூறியது. அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர் வேலை வேறு வகை என்றது. தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படியே விகிதங்கள் அமைந்தன என்றது. கம்பெனியின் நிதி நிலைமை மோசம், கொடுக்கச் சக்தியில்லை என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வெங்கடராமையா மூன்றையும் தள்ளினார். வேலைகளை ஒப்பிடும்போது அற்பமான வேறுபாடுகளைப் பொருட்படுத்தாமல் பரந்த நோக்கோடு பார்க்க வேண்டும் என்றும், அந்த நாற்காலிகளில் பெண்களே அமர்ந்திருப்பது நிர்வாகம் அப்படி விரும்பியதனால்தானே தவிர, அந்த வேலைக்குப் பெண்ணாய்ப் பிறப்பது ஒரு விசேஷத் தகுதியன்று என்றும், சங்கத்தோடு செய்த உடன்பாடு சட்டத்தை மீற முடியாது என்றும், பணமில்லை என்பது பெண்ணுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது என்றும் அவர் கூறினார். வழக்கில் கேட்கப்பட்ட தொகை 7,196 ரூபாய் 67 பைசா. அதற்காக அந்த அம்மையார் கீழ்நிலை அதிகாரியிடமிருந்து மேல்முறையீடு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று பத்து வருஷகாலம் ஏறி இறங்க நேர்ந்தது. இத்தனை துணிவையும் கல்வியையும் வக்கீல்களையும் பெற்ற ஒருவருக்கே பத்து வருஷம் என்றால், தினக்கூலிக்காரி எங்கே போய் எந்தப் பதிவேட்டைக் காட்டுவாள்?

வேலையின் தரத்தை நிர்ணயிப்பதே போராட்டத்தின் மையம் என்பதை இங்கிலாந்தில் டேகன்ஹாம் நகரத்துப் பெண்கள் முன்னமே உணர்ந்திருந்தார்கள். ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் கார் ஆசனங்களுக்கு உறை தைத்த 187 பெண்கள் 1968 ஜூன் மாதத்தில் தையல் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கம்பெனி புதிதாகச் செய்த தரப்பிரிவினையில் அவர்களுடைய வேலையைத் திறன் குறைந்த இரண்டாம் வகுப்பில் வைத்து, அந்த வகுப்பு ஆண்களுக்குரிய கூலியிலும் 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். தைக்கத் தெரிந்தவள் என்று பரீட்சித்துத்தான் எங்களை எடுத்தீர்கள், அப்படியிருக்க எங்கள் வேலை திறனற்றது எப்படி ஆகும் என்பது அந்தப் பெண்களின் கேள்வி. ஆசனம் இல்லாமல் கார் வெளியே போக முடியாதாகையால், மூன்று வாரத்தில் முழுத் தொழிற்சாலையும் ஸ்தம்பித்தது. மந்திரி பார்பரா காஸில் அம்மையார் தலையிட்டார். ஆண் கூலியில் 92 சதவீதம் உடனே, எஞ்சியது அடுத்த வருஷம் என்று சமரசம் ஏற்பட்டது. அந்த எழுச்சியிலிருந்து 1970-இல் பிரிட்டனின் சம ஊதியச் சட்டம் பிறந்தது. உலகம் இதை ஒரு மகத்தான வெற்றியாகவே எழுதி வைத்திருக்கிறது, அது வெற்றிதான். ஆனால் தங்கள் வேலை திறமையான வேலை என்று அங்கீகரிக்க வேண்டும் என்ற அவர்களுடைய மூலக் கோரிக்கை அன்று நிறைவேறவில்லை. 1984-இல் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்த பிறகே அந்தத் தையல் வேலைக்கு உரிய வகுப்புக் கிடைத்தது. கூலியைச் சமமாக்க ஒரு வருஷம் பிடித்தது, வேலையின் மதிப்பை ஒப்புக்கொள்ளப் பதினாறு வருஷம் பிடித்தது என்ற இந்தக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சமமாகக் கொடுக்கச் சொன்னால் முதலாளி பெண்ணையே எடுக்க மாட்டாரே என்று ஓர் ஆட்சேபம் எழுவது இயல்பு. அதில் சரித்திர உண்மையும் இல்லாமல் இல்லை. பம்பாயில் 1929-லும் சென்னை மாகாணத்தில் 1934-லும் பிரசவ கால உதவிச் சட்டங்கள் வந்த பிறகு, பஞ்சாலைகளில் நூல் சுற்றும் பிரிவுகள் போன்ற பெண் பகுதிகள் சிறிது சிறிதாகச் சுருங்கின. இயந்திரங்கள் மாறியதும் இரவு வேலைத் தடையும் அதற்குத் துணைபோயின. 2017-இல் பிரசவ விடுமுறை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டபோதும் இதே பயம் பேசப்பட்டது. பயத்தின் வேர், செலவு முழுவதையும் அந்தந்த முதலாளியின் தலையில் வைத்ததில் இருக்கிறது. தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்துக்குள் வரும் தொழிலாளிக்குப் பிரசவ கால ஊதியத்தை எல்லாருடைய சந்தாவிலிருந்தும் திரண்ட பொது நிதி தருகிறது. அங்கே ஒரு பெண்ணை எடுப்பதால் முதலாளிக்குத் தனி நஷ்டம் இல்லை. நாட்டுக்கு ஒரு குழந்தை பிறப்பதன் செலவை ஒரு தனிக் கம்பெனியின் கணக்கில் எழுதாமல் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்வதுதான் அந்த ஆட்சேபத்துக்குத் தக்க மறுமொழி. பெண்ணின் கூலியைக் குறைத்து ஈடுகட்டுவது மறுமொழியாகாது.

இன்னொரு வாதம் இதைவிடப் பழமையானது. ஆண் குடும்பத்தைக் காப்பவன், பெண்ணின் சம்பாத்தியம் அதற்குத் துணைவருமானம், ஆகவே குறைந்தால் பாதகமில்லை என்பார்கள். கணவனை இழந்தவளும், கணவனால் கைவிடப்பட்டவளும், கணவன் கூலியைச் சாராயக் கடையில் விட்டு வருகிறவளும் வாழும் தெருக்களைப் பார்த்தவர் எவரும் இதைச் சொல்லத் துணியமாட்டார். மேலும், ஆணுக்குக் குடும்பக் கவலையில்லாமல் நாள் முழுதும் உழைக்க முடிவதே வீட்டில் ஒருத்தி உழைப்பதால்தான். 2019-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. அந்த ஐந்து மணி நேரத்தை முடித்துவிட்டு வருகிறவளைத்தான், தாமதமாக வருகிறாள், மிகைநேர வேலைக்கு நிற்பதில்லை என்று குறை கூறி, உயர்வுப் பட்டியலில் கீழே தள்ளுகிறோம்.

விளையாட்டுத் துறையில் நடந்தது ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022 அக்டோபரில் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே ஆட்டக் கட்டணத்தை அறிவித்தது. வரவேற்கத்தக்க காரியம். ஆனால் அன்றைய ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்ச வகுப்புக்கு 7 கோடி, பெண்களின் உச்ச வகுப்புக்கு 50 லட்சம். பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டம் கிடைப்பதோ அபூர்வம். கட்டணம் ஒன்றாயிருந்தும், வகுப்பும் வாய்ப்பும் வேறாயிருந்தால் கைக்கு வருவது வேறாகவே இருக்கும்.

கிராமங்களில் ஒரு மாற்றம் கண்ணெதிரே நிகழ்ந்தது. 2005-இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் மக்கள் நூறு நாள் வேலை என்று அழைத்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று விதித்தது. பணியிடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களே செய்தார்கள். களையெடுப்புக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலச்சொந்தக்காரர்கள் மனம் நொந்தது உண்மை. அந்த வருத்தத்தின் மறுபக்கம், வேறு ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில், இந்தக் கூலிக்கு வரமாட்டேன் என்று நடவுப் பெண்கள் முதல்முறையாகச் சொல்ல முடிந்தது என்பதுதான்.

சொல்ல முடிவது என்பது சிறிய விஷயமன்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள், 1984-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகே ஆணுக்குச் சமமான நாட்கூலியைப் பெற்றார்கள். கேரளத்தின் மூணாறில், சமக் கூலி சட்டப்படி முன்பே நிலவிய தோட்டங்களில், 2015 செப்டம்பரில் வேறொன்று நடந்தது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தார்கள். தங்கள் பேரால் இத்தனை காலம் பேசிவந்த ஆண் தலைவர்களை விலகி நிற்கச் சொன்னார்கள். தங்கள் கூட்டத்துக்குப் பெண்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் அந்த 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. சில வாரங்களில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலியும் 301 ஆயிற்று. பறிப்பவள் பெண்ணும் மேற்பார்ப்பவர் ஆணுமாக இருந்ததோடு, கூலியைப் பேசி முடிக்கும் மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களும் ஆண்களாக இருந்தார்கள் என்பதே அவர்களுடைய மனக்குறையின் அடியில் இருந்தது.

இப்போது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இல்லை. 2019-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது கலந்துவிட்டது. ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை என்ற பழைய எல்லையைப் புதிய தொகுப்பும் தாண்டவில்லை. சம மதிப்பு என்ற அளவுகோலைப் பாராளுமன்றம் ஏற்கும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் அதே தொகுப்பில், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளியின் திறனையும் வேலையின் கடுமையையும் கருத வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது; அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. எது திறனுள்ள வேலை, எது திறனற்றது, எது கடுமையானது, எது இலகுவானது என்ற பட்டியலைப் பற்றி ஆலோசனை சொல்லக்கூடிய இடம் அந்தக் குழுக்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு இடங்களை அலுவலகங்களிலிருந்து அழைத்து வந்த பெயர்களைக் கொண்டு நிரப்பிவிடாமல், நடவு நட்ட ஒருத்தியையும், கலவை சுமந்த ஒருத்தியையும், பிசிறு வெட்டிய ஒருத்தியையும், அங்கன்வாடியில் இருபது வருஷம் பதிவேடு எழுதிய ஒருத்தியையும் அங்கே உட்கார வைக்க வேண்டும். பட்டியலில் நடவு என்ற வரி வரும்போது, அது எந்த வகுப்பில் சேர வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.